ஒரே ஒரு நீலக்கோடு போதாது: வெள்ளப் பரவலை மாடல் செய்வது எப்படி, அதன் நிச்சயமின்மையை எப்படிக் கையாள்வது?

சென்னைப் புறநகரான முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டின் முன்அறைச் சுவர். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அளவு நாடாவோடு போய் நின்றேன். "இது வரைக்கும் வந்துச்சு தம்பி" என்று அந்த வீட்டு அம்மா காட்டியது, தரையிலிருந்து 1.40 மீட்டரில் இருந்த அழுத்தமான பழுப்புக் கோடு. குறித்துக்கொண்டு கிளம்பும்போது டார்ச்சைச் சுவரில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். காலண்டர் ஆணிக்குச் சற்றுக் கீழே, முதல் கோட்டுக்கு 35 சென்டிமீட்டர் மேலே, நூல் போல இன்னொரு கோடு. அந்த அம்மாவிடம் கேட்டதும், "ஆமா, ராத்திரி கொஞ்ச நேரம் ஆணி கிட்ட நின்னுச்சு, அப்புறம் எறங்கிருச்சு" என்றார்.

கீழே இருந்த பழுப்புக் கோடு தண்ணீர் பல மணி நேரம் தேங்கி நின்ற மட்டம். மேலே இருந்த மெல்லிய கோடுதான் உச்சம். கீழ்க்கோட்டை வைத்து, தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் என் கணினி மாடலைச் சரிசெய்திருந்தால், அந்தப் பகுதி முழுவதற்கும் 35 சென்டிமீட்டர் குறைவாகச் சொல்லியிருப்பேன். ஒரு குழந்தை நிற்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிற அளவு அது. வெள்ள மாடலில் நிச்சயமின்மை என்றால் கடைசி அத்தியாயத்தில் சேர்க்கிற புள்ளியியல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தரை அளவிலும், மழைமானியிலும், சுவரில் பார்க்கும் கோட்டிலும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்துக்காட்டு முழுக்க அடையாறுதான்.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"அடையாறு வெள்ளத்தை மாடல் செய்ய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "இன்றிரவு எந்தத் தெருக்களைக் காலி செய்ய வேண்டும்?" என்பது ஒரு கேள்வி. "இந்த மனையில் தரைத்தளம் எந்த உயரத்தில் கட்டலாம்?" என்பது இன்னொன்று. "ஏரியைத் திறக்காமல் இருந்திருந்தால் மட்டம் எவ்வளவு குறைந்திருக்கும்?" என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு வேகம் வேண்டும், தோராயம் போதும். இரண்டாவதற்குத் தரை உயரம் சென்டிமீட்டர் அளவில் தேவை. மூன்றாவதற்கு ஒரே மாடலை இரண்டு நிலைமைகளில் ஓட்டி வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கேள்வி தெளிவாகாமல் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

இரண்டாம் படி: தரை

நேரம், காசு, பொறுமை மூன்றையும் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் தரை உயரத் தரவுகளில் பழையதும் பிரபலமானதும் எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்தது. ரேடார் பார்ப்பது மண்ணை அல்ல, மரத்தின் தலையையும் மொட்டைமாடியையும். இஸ்ரோவின் கார்ட்டோடெம், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு ஆகியவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கணக்கிட்டு நீக்கியது ஃபேப்டெம். இலவசத் தரவு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

உயரப் பிழை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆறு 2,500 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரச் சமவெளியில் இப்படித்தான் இருக்கும். உயரத் தரவில் 3 மீட்டர் பிழை வந்தால், அது அந்த ஆறு 7.5 கிலோமீட்டர் ஓடி இறங்குகிற மொத்த இறக்கத்துக்குச் சமம். ஆறு மேட்டை நோக்கி ஓடுவதாகக்கூட மாடல் காட்டும். விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரை உயரத்தை அளக்கும் லைடார் அளவீட்டில் இந்தப் பிழை பெரும்பாலும் 10, 15 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

லைடார் கிடைத்தாலும் நான்கு விஷயங்களைக் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பாலங்கள்: விமானம் மேலிருந்து பார்க்கும்போது பாலம் ஓர் அணை போலத் தெரியும். அதை வெட்டித் திறக்காவிட்டால் மாடல் அங்கே தண்ணீரைத் தேக்கிவிடும். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைத் தாண்டிப் போகிறது. அங்கே திறப்பின் அகலமும் உயரமும் தனியாக வேண்டும்.

ஆற்றின் அடித்தளம்: சாதாரண லைடார் தண்ணீருக்குள் ஊடுருவாது. குறுக்குவெட்டு அளவீடு எடுக்க ஆற்றில் இறங்கியாக வேண்டும்.

கரைகள், சுற்றுச்சுவர்கள், ரயில் பாதை மேடுகள்: மாடல் தரையைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். 30 சென்டிமீட்டர் அகலச் சுவர் 10 மீட்டர் கட்டத்தில் காணாமல் போகும், ஆனால் உண்மையில் ஒரு தெருவையே காப்பாற்றும். இவற்றைக் கோடுகளாகத் தனியே சேர்க்க வேண்டும்.

உயரத்தின் அடிப்படை: ஜிபிஎஸ் கருவி தரும் உயரமும் கடல்மட்ட உயரமும் வேறு வேறு. தென்னிந்தியாவில் இந்த வித்தியாசம் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று, சென்னையில் ஏறத்தாழ 90 மீட்டர். 90 மீட்டர் தவறினால் உடனே தெரிந்துவிடும். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்ற உதவும் ஜியாய்டு மாதிரிகளில் இரண்டு வெவ்வேறானவற்றைக் கலந்ததால் வரும் சிறிய பிழைதான் கண்ணில் படாமல் கடைசிவரை கூடவே வரும்.

மூன்றாம் படி: மழையும் ஏரிகளும்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. இந்த எண்ணை மாடலுக்குள் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது: 49 சென்டிமீட்டர் மழை 24 மணி நேரத்தில் சீராகப் பெய்தால் மணிக்கு 2 சென்டிமீட்டர்தான். அதில் பாதி 4 மணி நேரத்தில் கொட்டியிருந்தால் மணிக்கு 6 சென்டிமீட்டர். நாள் மொத்தம் ஒன்றுதான், உச்ச வெள்ளமோ முற்றிலும் வேறு. தானியங்கி மழைமானி அல்லது வானிலை ரேடார் தரவு இருந்தால் மணிவாரியாகப் பிரியுங்கள். இல்லையென்றால் மூன்று நான்கு விதமாகப் பிரித்து எல்லாவற்றையும் ஓட்டுங்கள்.

பெய்த மழையில் எவ்வளவு ஓடும், எவ்வளவு மண்ணுக்குள் போகும் என்பதற்கு நம் ஊரில் பெரும்பாலும் 'கர்வ் நம்பர்' முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த எண் 75-ஆ, 95-ஆ என்று கூட்டங்களில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் மழைக்கு 75 என்று வைத்தால் 9 மில்லிமீட்டர் ஓடும், 95 என்று வைத்தால் 37. நான்கு மடங்கு வித்தியாசம். அதே இரண்டு எண்களை 490 மில்லிமீட்டர் மழைக்குப் போட்டால் 401, 474. இப்போது வித்தியாசம் இருபது சதவீதத்துக்கும் கீழ். பெருமழையில் மண் நிறைந்துவிடுகிறது, பெய்வதெல்லாம் ஓடுகிறது. ஆகவே அந்த மணிக்கணக்கு வாதத்தை மழை எங்கே, எந்த நேரத்தில் பெய்தது என்பதற்கு ஒதுக்குங்கள். எந்தக் காரணி முடிவை எவ்வளவு அசைக்கிறது என்று இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் உணர்திறன் ஆய்வு என்று பெயர்.

அடுத்தது ஏரிகள். வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்குப் பதில் கிடைக்காது. அடையாற்றின் மேல்பகுதியில் ஏரிகள் சங்கிலியாக அமைந்திருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும். ஒவ்வொன்றிலும் கலங்கல் வழியே உபரி நீர் வெளியேறும். கலங்கலில் வழியும் நீரின் அளவு, அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப மாறும். 100 மீட்டர் நீளக் கலங்கலின் மேல் 50 சென்டிமீட்டர் நின்றால் வினாடிக்குச் சுமார் 60 கனமீட்டர், 60 சென்டிமீட்டர் நின்றால் 79. பத்து சென்டிமீட்டர் தவறாக அளந்தால் முப்பது சதவீதம் தண்ணீர் கூடிவிடுகிறது. கலங்கலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்களா, கரை எங்காவது உடைந்ததா என்பதை ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து டிசம்பர் 1 இரவு வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அதாவது ஏறத்தாழ 820 கனமீட்டர். அந்த உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருப்பவை. எனவே நான் பார்த்த அந்தச் சுவர்க்கோட்டை முதன்மையாக எழுதியது மேற்பகுதி ஏரிகளின் உபரியும் அங்கே பெய்த மழையும்தான். கீழே சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கதை வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசும் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டத் தோன்றும். மாடலில் ஒருமுறை ஏரித் திறப்புடனும் ஒருமுறை அது இல்லாமலும் ஓட்டி, இடம் இடமாக மட்ட வித்தியாசத்தை வரைந்தால் வாதத்துக்குப் பதிலாக ஆதாரம் கையில் இருக்கும்.

நான்காம் படி: எந்த மாடல்?

தண்ணீரின் ஓட்டத்தை விவரிக்கும் சமன்பாடுகளை 1871-லேயே சாந்-வெனான் எழுதிவிட்டார். மென்பொருள்கள் வேறுபடுவது அதில் எதை வைத்துக்கொள்கின்றன, எதை விடுகின்றன என்பதில்தான்.

ஆறு கரைக்குள்ளேயே ஓடினால், ஆற்றின் போக்கிலேயே மட்டும் கணக்கிடும் ஒரு பரிமாண மாடல் போதும். கரை தாண்டித் தெருவுக்குள் புகுந்தால், பக்கவாட்டுப் பரவலையும் கணக்கிடும் இரு பரிமாணம் வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாக வழங்கும் ஹெக்-ராஸ், 2016-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து இரண்டையும் செய்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் லிஸ்ஃப்ளட்-எஃப்பி சமன்பாட்டில் சில உறுப்புகளை விட்டுவிட்டு வேகமாக ஓடும். ஆயிரம் முறை ஓட்ட வேண்டியிருக்கும்போது இந்த வேகம் பெரிய வரம். முதல்முறை செய்பவர்கள் ஹெக்-ராஸில் தொடங்கலாம், அதற்குப் பயிற்சிப் பாடங்கள் நிறைய.

கட்டத்தின் அளவை யோசித்து முடிவு செய்யுங்கள். 10 மீட்டரை 5 ஆக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், காலப்படி (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம்) பாதியாகும், ஆக வேலை எட்டு மடங்கு. 10 மீட்டர் கட்டத்தில் 4 மீட்டர் ஆழ நீரில் அலை வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல் போகும். காலப்படி சுமார் 1.6 வினாடிக்கு மேல் போனால் பல மென்பொருள்களில் கணக்கு நிலைகுலையும். மட்டம் திடீரென்று தாறுமாறாக ஏறி இறங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

நகரத்தில் கட்டடங்களை என்ன செய்வது? அவற்றை உயரமான மேடாக விடலாம், அந்த இடத்தில் சொரசொரப்பைக் கூட்டலாம், அல்லது கட்டத்தில் இத்தனை சதவீதம்தான் தண்ணீருக்கு இடம் என்று சொல்லலாம். தெருவைவிடக் கட்டம் சிறியதாக இருந்தால் முதல் வழி. பெரியதாக இருந்தால் மூன்றாவது.

ஐந்தாம் படி: சொரசொரப்பு, முகத்துவாரம்

ஆற்றுப்படுகையின் சொரசொரப்பை மேன்னிங் எண் குறிக்கிறது. சுத்தமான, நேரான இயற்கை ஆற்றுக்கு 0.030 அளவில், செடி மண்டிய ஆற்றுக்கு 0.050-க்கு மேல். இது ஏதோ மூன்றாம் தசமப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 100 மீட்டர் அகலம், 2,500-க்கு 1 சரிவு, செவ்வக வடிவ ஆறு என்று வைத்து அதே 820 கனமீட்டரை அனுப்பிப் பாருங்கள். எண் 0.030 என்றால் ஆழம் ஏறத்தாழ 4.7 மீட்டர். 0.045 என்றால் ஏறத்தாழ 6 மீட்டர். ஆகாயத்தாமரை அகற்றிய ஆற்றுக்கும் அகற்றாத ஆற்றுக்கும் இடையே ஓர் ஆள் இடுப்பளவுக்கும் மேல் வித்தியாசம்.

கீழ்முனையில் கடல். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 1 மீட்டர் ஏறி இறங்கும். அடையாற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதும் கீழ்ப்பகுதி மட்டத்தை மாற்றும். மணல்திட்டுக்கு நிகழ்தகவு தேடிக் கஷ்டப்படாதீர்கள். அடைத்தது ஒரு காட்சி, திறந்தது ஒரு காட்சி என்று இரண்டாக ஓட்டுங்கள். எண்ணால் சொல்லக்கூடிய நிச்சயமின்மை வேறு, 'ஆம் அல்லது இல்லை' என்ற நிச்சயமின்மை வேறு. ஏரிக்கரை உடைப்பும், குப்பை அடைத்த மதகும் இரண்டாவது வகை.

ஆறாம் படி: உண்மையோடு ஒப்பிடுவது

வெள்ளம் பரவிய பரப்பை ரேடார் செயற்கைக்கோள் மேகத்துக்குள்ளும் படம் பிடிக்கும். 2014-ல் ஏவப்பட்ட சென்டினல்-1 படங்கள் இலவசம். ஒப்பிட எளிய அளவுகோல் ஒன்று: இரண்டிலும் நனைந்த பரப்பை, ஏதாவது ஒன்றில் நனைந்த மொத்தப் பரப்பால் வகுப்பது. படத்தில் 40 சதுர கிலோமீட்டர், மாடலில் 46, பொதுவானது 36 என்றால் மதிப்பு 0.72.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ரேடார் நகரத்துக்குள் தடுமாறும். தண்ணீரில் பட்டுச் சுவரில் எதிரொலித்துத் திரும்பும் அலை நனைந்த தெருவையும் பளிச்சென்று காட்டிவிடும். செயற்கைக்கோள் உச்சத்துக்கு ஒரு நாள் கழித்துக் கடந்திருக்கலாம். பெரிய வெள்ளத்துக்கு இந்த அளவுகோல் தானாகவே உயர்ந்தும் இருக்கும்.

அதனால்தான் சுவர்க்கோடுகள். ஒரு தெருவில் குறைந்தது மூன்று வீட்டில் எடுங்கள். உச்சமா, தேங்கிய மட்டமா என்று ஒவ்வொன்றிலும் குறியுங்கள். நம்பகத்தை மூன்று தரமாகப் பிரியுங்கள்: கோடு தெளிவு, கோடு மங்கல், கோடு இல்லை வாய்மொழி மட்டும். பெயின்ட் அடிப்பதற்குள் போய்விட வேண்டும். நம் ஊரில் பொங்கலோடு பாதிச் சுவர்கள் போய்விடும்.

நேரத்தையும் கேளுங்கள். மணி என்னவென்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது. ஆனால் கைபேசியில் எடுத்த படத்தில் நேரம் பதிவாகியிருக்கும். வாசற்படியில் தண்ணீர் நிற்கும் ஒரு படம், நேரத்தோடு, பத்து வாய்மொழிக்குச் சமம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

ஏழாம் படி: ஒரு ரன் அல்ல, ஐந்நூறு ரன்

மழை அளவு 0.8 முதல் 1.25 மடங்கு வரை இருக்கலாம். ஆற்றின் மேன்னிங் எண் 0.025 முதல் 0.060 வரை. வெள்ளச் சமவெளிக்கு 0.04 முதல் 0.15 வரை. இந்த வரம்புகளிலிருந்து சீராகப் பரவும்படி ஐந்நூறு சேர்க்கைகளைத் தேர்ந்தெடுங்கள். லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் தேர்ந்தெடுத்தால் குறைந்த எண்ணிக்கையிலேயே எல்லா மூலைகளும் தொடப்படும். தரை உயரத்துக்கும் பிழை சேர்க்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் குலுக்கிப் போடக் கூடாது. உண்மையான பிழை சில நூறு மீட்டருக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். தனித்தனியாகப் போட்டால் தரை அம்மைத் தழும்பு போலாகி, இல்லாத குழிகளில் தண்ணீர் நிற்கும்.

ஐந்நூறையும் ஓட்டியபின் ஆதாரங்களோடு ஒப்பிடுங்கள். பரப்பு மதிப்பு 0.6-க்குக் கீழே இருப்பதையும், சுவர்க்கோடுகளில் சராசரிப் பிழை 30 சென்டிமீட்டரைத் தாண்டுவதையும் நீக்குங்கள். இந்த எல்லைகளை ரன் ஓட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள், முடிவைப் பார்த்தபின் மாற்றாதீர்கள். மிஞ்சியவற்றுக்குப் பொருத்தத்தின் அளவில் எடை கொடுங்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் கீத் பெவனும் ஆண்ட்ரூ பின்லியும் 1992-ல் முன்வைத்த 'க்ளூ' முறையின் சாரம் இதுதான். எல்லையை எங்கே வைப்பது என்பது ஆய்வாளரின் கையில் இருக்கிறது என்று இந்த முறையின் மேல் விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனம். அந்த முடிவை வெளிப்படையாக அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் படிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

இங்கே ஒரு சிக்கல் வரும். மழை அதிகம், சொரசொரப்பு குறைவு என்ற ரன்னும், மழை குறைவு, சொரசொரப்பு அதிகம் என்ற ரன்னும் ஒரே சுவர்க்கோட்டைத் தரும். எது சரி? மட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் சொரசொரப்பு குறைந்த ஆற்றில் உச்சம் முன்கூட்டியே வந்துசேரும். அந்தக் கைபேசிப் படத்தின் நேரம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே ஒரு நேரப் பதிவு, மட்டத்தில் தேறிய ரன்களில் ஒரு பகுதியை வெளியேற்றிவிடும்.

பிறகு வேறொரு வெள்ளத்தில் சோதியுங்கள். 2015-க்குச் சரிசெய்த மாடலை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்கு ஓட்டிப் பாருங்கள். இடையில் ஆறு தூர்வாரப்பட்டிருந்தால் குறுக்குவெட்டுகளை மாற்றிவிட்டு ஓட்ட வேண்டும். பழைய வெள்ளத்தில் அருமையாகப் பொருந்திப் புதியதில் தவறும் மாடலை வெளியே கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: வரைபடமாகக் கொடுப்பது

தேறிய ரன்களில் எத்தனை சதவீத எடை ஒரு கட்டத்தை நனைத்தது என்பதே அந்தக் கட்டத்தின் நிகழ்தகவு. அதை அப்படியே 0.37, 0.82 என்று அச்சிட்டு வருவாய் ஆய்வாளர் கையில் கொடுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நிறம் போதும். பத்தில் எட்டுக்கு மேல் நனையும் தெரு அடர்நீலம். இரண்டு முதல் எட்டு வரை மஞ்சள். அதற்குக் கீழே வெள்ளை, ஆனால் வெள்ளை என்றால் பாதுகாப்பு என்று பொருளல்ல என்று பெரிய எழுத்தில்.

மஞ்சள்தான் அந்தப் படத்தில் மிக மதிப்புள்ள பகுதி. ஒற்றைக் கோடு வரைந்த படத்தில் மஞ்சளில் வாழும் பாதிப் பேரிடம் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டிருப்போம். அந்தத் தெருக்களில் படுக்கையில் இருக்கும் முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார் யார் என்ற பட்டியலை முன்கூட்டியே எடுத்துவைத்து, அவர்களை அடர்நீலத் தெருக்காரர்களோடு முதல் வண்டியில் ஏற்றலாம். மற்றவர்களுக்குத் தயாராக இருக்கச் சொன்னால் போதும்.

ஆழத்தையும் மீட்டரில் எழுதாதீர்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று எழுதுங்கள். ஒவ்வொரு தெருவிலும் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ரேஷன் கடைப் படிக்கட்டு, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, பிள்ளையார் கோயில் பீடம். அந்த முடிச்சூர் வீட்டில் நான் கடைசியாகக் காட்டிய படத்தில், முன்அறைக்குக் கழுத்திலிருந்து தலைக்கு மேல் வரை என்று இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை எடுத்து வந்து பரணில் ஏற்றச் சொன்னார். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் அதில்தான் இருந்தன.